நீ நலமென்றால் நாங்களும் நலம்

சிம்வேரே கிராமம்
9 மார்ச் 1997

தம்பி வைசனுக்கு,

நீ நலமென்றால் நாங்களும் நலம். ரூத்தியும் குழந்தைகளும் நல்லபடி எழுந்து நடமாடுகிறார்களா? சின்னவள் எஸ்நாத்துக்கு இருமல் விட்டுவிட்டது. சோளம் என் தலைக்கு மேல் நிற்கிறது. இந்த வருஷம் மழை எதையும் குறை வைக்கவில்லை.

நான் ஐந்தாவதோடு நின்றவள். பிழை இருக்கும். சிவப்பு மையால் வட்டம் போடாமல் படி.

என் மூத்தவள் செலிஃபாவின் தகரப் பெட்டியை நேற்றுத்தான் திறந்தேன். இரண்டு மாதமாகத் திறக்கவில்லை. சட்டை மூன்று, சீப்பு ஒன்று, உன் வீட்டில் தங்கிப் படித்தபோது ரூத்தி கொடுத்த போர்வை. பிறக்கப்போகிற குழந்தைக்கென்று பின்னி முடிக்காத தொப்பி. எல்லாவற்றுக்கும் அடியில் ஆங்கில நோட்டு. அதன் கடைசிப் பக்கத்தில் பத்து வரி இருக்கிறது. பத்தும் 'இஃப்' என்ற சொல்லில் தொடங்குகின்றன. ஏழு வரியை முடித்திருக்கிறாள். ஏழிலும் சிவப்பில் சரி போட்டிருக்கிறது. அது உன் கை. எட்டு, ஒன்பது, பத்து பாதியில் நிற்கின்றன. கர்ப்பம் தெரிந்துபோய் அவளைப் பள்ளியிலிருந்து அனுப்பிய ஜூன் மாதத்துப் பக்கம் அது.

அதற்குக் காரணமான பையன் லிலோங்வே நகரத்துக்கு ஓடினான். இவள் பெட்டியோடு இங்கே வந்தாள். குழந்தை பிறந்த பிறகு திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நீதானே அப்போது சொன்னாய். அதனால்தான் நோட்டைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

அறுவடை முடிந்து, துக்கம் முடித்துத் தலை மழிக்கும் நாளில் அவள் சாமான்களைப் பங்கு வைப்போம். பாதியில் நிற்கிற நோட்டை யார் கையில் கொடுப்பது? அந்த மூன்று வரியையும் நான் முடித்துவிட நினைக்கிறேன். இங்கிருக்கிற சின்னப் பள்ளி வாத்தியாரைக் கேட்டேன். "அதெல்லாம் பெரிய வகுப்புப் பாடம்மா. உங்க தம்பி மலை மேல அதத்தான சொல்லித் தர்றாரு, அவர்கிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டார். அதனால் கேட்கிறேன். இஃப் என்றால் என்ன?

குழாயடியில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடுகிறது. நான் திரும்பி நடந்ததும் தொடங்குகிறது. "வலி வந்தவொடனே தாய்மாமனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தா அவரு சும்மா இருப்பாரா? படிச்ச மனுசன். இவதான் தாமதம் பண்ணிட்டா." நான் செவ்வாய்க்கிழமை மத்தியானமே சீட்டு எழுதி மீன்கார புவானலியிடம் கொடுத்தேன் என்றால் யாரும் நம்புவதில்லை. வியாழன் சாயங்காலம்தான் சீட்டு உன் கைக்கு வந்தது என்று அடக்கத்தன்று நீ சொன்னாய். அதைத்தான் நம்புகிறார்கள். வியாழன் சாயங்காலம் வயிற்றுப் பிள்ளையோடு அவளைக் குளிப்பாட்டி முடித்திருந்தோம்.

இந்தக் கடிதமும் புவானலியின் கையில்தான் வருகிறது. மீன் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்.

உன் அக்கா
எனெலெசி


பள்ளி ஆசிரியர் குடியிருப்பு
2 ஏப்ரல் 1997

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நீங்கள் அனைவரும் நலமாக இருந்தால் நாங்களும் நலமே. ரூத்திக்கு லேசான காய்ச்சல் இருந்து குணமாகிவிட்டது.

தங்கள் கடிதம் கிடைத்தது. இந்த வயதில், இந்தத் துக்கத்தில் இலக்கணம் எதற்கு என்று முதலில் தோன்றியது. மனது வேறு பக்கம் திரும்பினால் நல்லதுதான் என்பதால் எழுதுகிறேன்.

இஃப் என்பது நாம் சொல்லும் 'ஆல்' தான். வந்தால், போனால், பெய்தால். இஃப் வரும் வாக்கியத்துக்கு இரண்டு பாதி. முதல் பாதி நடந்தால்தான் இரண்டாம் பாதி நடக்கும். இதில் மூன்று வகை உண்டு. முதல் வகை, இனிமேல் நடக்கக்கூடியது. 'விதைத்தால் முளைக்கும்.' எட்டாம் வரி இந்த வகை. 'மழை நேரத்துக்கு வந்தால்' என்று தொடங்கும். பின்பாதியை நீங்கள் போட வேண்டும். பின்பாதிக்கு வேண்டிய ஆங்கிலச் சொற்களை எழுதி இணைத்திருக்கிறேன். அடுத்த வகையைப் பிறகு எழுதுகிறேன்.

குழாயடிப் பேச்சை மனதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பெண்கள் பேசுவார்கள், ஓய்வார்கள்.

எஸ்நாத்தை நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள்.

வைசன்


சிம்வேரே
20 ஏப்ரல் 1997

தம்பிக்கு,

நீ நலமென்றால் நாங்களும் நலம். இப்படி எழுதும்போதுதான் கவனித்தேன், நாம் கடிதம் தொடங்கும்போதே இஃப் போட்டுத்தான் தொடங்குகிறோம். நம் அம்மா காலத்திலிருந்து எழுதுகிறோம், யாருக்கும் உறைக்கவில்லை. ரூத்திக்கு மறுபடி காய்ச்சல் வந்ததா? எலுமிச்சைப் புல் காய்ச்சிக் குடிக்கச் சொல்.

எட்டாம் வரியை முடித்துவிட்டேன். 'மழை நேரத்துக்கு வந்தால், ஆறு நிரம்பும்.' நீ அனுப்பிய சொற்களைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக வரைந்தேன். எஸ்நாத் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, உன் எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கு" என்றாள். ஜனவரிக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நேற்று புவானலி வந்தான். பாவம், பாதிக் கூடை அப்படியே இருந்தது. இந்த ஊரில் அவனிடம் யாரும் மீன் வாங்குவதில்லை. என்னைப் பழிக்கிற அதே வாயால் அவனுக்கும், வழியில் எங்கேயோ படுத்துத் தூங்கிவிட்டுச் சீட்டைத் தாமதமாகக் கொடுத்தவன் என்று பேர் வைத்துவிட்டார்கள். நான் வாங்கினேன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"அம்மா, நான் ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"ஆத்துல தண்ணி. செவ்வாக்கெழம ராத்திரி கடக்க முடியல, நெசம். பொதங்கெழம விடிஞ்சதும் கடந்துட்டேன். நேரா பள்ளிக்கூடம். வாத்தியார் கையிலயே கொடுத்தேன். பசங்க எல்லாம் மூக்கப் பொத்திக்கிட்டுச் சிரிச்சானுங்க. அதனால எனக்கு நல்லா ஞாபகம்."

"வாத்தியார் என்ன சொன்னார்?"

"மணி அடிக்கிற வரைக்கும் நின்னேன். 'நீ போ, நாறுது, நான் வேற ஆள் மூலமா பதில் அனுப்பிக்கிறேன்'னாரு. வந்துட்டேன்."

அவன் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். அவன் கூட்டிச் சொல்கிறானா என்பது உனக்குத்தான் தெரியும்.

இரண்டாம் வகையைச் சொல்லிக் கொடு.

எனெலெசி


பள்ளி ஆசிரியர் குடியிருப்பு
18 மே 1997

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நீங்கள் நலமாயிருந்தால் நாங்களும் நலம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. மாணவர்களுக்குத் தேர்வு நெருங்குகிறது.

தங்கள் எட்டாம் வாக்கியம் சரி. பிள்ளைகள் பொதுவாக 'நல்ல அறுவடை கிடைக்கும்' என்று எழுதுவார்கள். இலக்கணப்படி ஆறு நிரம்புவதும் சரிதான்.

இரண்டாம் வகை, இல்லாததை இருப்பதாக நினைத்துப் பேசுவது. 'நான் மீனாக இருந்தால் ஏரியைக் கடப்பேன்.' நான் மீன் இல்லை. ஆனாலும் சொல்லலாம். ஒன்பதாம் வரி 'எனக்கு ஒரு படகு இருந்தால்' என்று தொடங்குகிறது. தங்களுக்குப் படகு இல்லை. இருப்பதாக வைத்துக்கொண்டு முடியுங்கள்.

மூன்றாம் வகை கடினமானது. வினைச்சொல் மூன்று துண்டாக வரும். பெரிய பிள்ளைகளே தடுமாறுவார்கள். தங்களுக்கு அது தேவையில்லை. இரண்டு வகை தெரிந்தாலே போதும்.

புவானலி பேச்சை நம்ப வேண்டாம். மீன்காரர்கள் வீட்டுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். மீன் விற்க வேண்டுமல்லவா.

வைசன்


சிம்வேரே
15 ஜூன் 1997

தம்பிக்கு,

நீ நலமென்றால் நாங்களும் நலம். சோளம் ஒடித்துக் கொண்டுவந்துவிட்டோம். கை முழுக்கக் கீறல். குழந்தைகளுக்குக் கம்பளிச் சட்டை இருக்கிறதா? மலை மேல் குளிர் அதிகம்.

ஒன்பதாம் வரியில் இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தேன். எஸ்நாத் நிறையச் சொன்னாள். "எனக்கு ஒரு படகு இருந்தால் மீன் பிடிப்பேன், எனக்கு ஒரு படகு இருந்தால் மாமாவைப் பார்க்கப் போவேன்." "மாமா மலை மேல இருக்காருடி, படகுல எப்படிப் போவ?" என்று கேட்டேன். "இல்லாத படகுதானம்மா, மலையும் ஏறும்" என்றாள். கடைசியில் நான் எழுதியது இது. 'எனக்கு ஒரு படகு இருந்தால், யாரையும் கேட்காமல் ஏறுவேன்.' நீ சொன்ன இலக்கணப்படி சரியா என்று பார்.

மூன்றாம் வகை எனக்குத் தேவையில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு வேண்டியதே அதுதான் என்று நினைக்கிறேன். பத்தாம் வரிக்குச் சின்ன வாத்தியாரிடம் அர்த்தம் கேட்டேன். 'அவர்கள் முன்னமே கிளம்பியிருந்தால்' என்று தொடங்குகிறதாம்.

அடக்கத்தன்று நீ வெளியே ஆண்களோடு இருந்தாய். நான் உள்ளே பாயில் இருந்தேன். அந்த இரண்டு நாள் என்ன நடந்தது என்று நீ என்னைக் கேட்கவேயில்லை. இப்போது சொல்கிறேன்.

செவ்வாய் விடியலில் வலி எடுத்தது. மத்தியானம் மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். "கொழந்த குறுக்க நிக்குது. இது என் கையில அடங்காது. ஆஸ்பத்திரிக்கு ஏத்து" என்றாள். பக்கத்து வீட்டு ஃபிலிப்போ காளைகளைப் பூட்டி வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். தலைப்பிரசவம். உடையவனான தாய்மாமன் வார்த்தை இல்லாமல் பெண்ணை வீட்டைவிட்டு ஏற்றக்கூடாது. வழியில் ஏதாவது ஆனால் பெற்றவள் தன் இஷ்டத்துக்குக் கொண்டுபோய்க் கொன்றாள் என்பார்கள். என் வயிற்றில் பிறந்தவளானாலும் அவளுக்கு உடையவன் நீ. அப்படித்தான் நம் அம்மா வளர்த்தாள். அதனால் சீட்டு எழுதினேன்.

புதன்கிழமை முழுக்க நான் வாசலில் நின்று பாதையைப் பார்த்தேன். ஃபிலிப்போ காளைகளை அவிழ்ப்பான், தண்ணி காட்டுவான், மறுபடி பூட்டுவான். மூன்று தடவை பூட்டினான். "அக்கா, ஏத்திடலாம், நான் பொறுப்பு" என்றான். "நீ யாருடா பொறுப்பேக்க?" என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன். உள்ளேயிருந்து செலிஃபா கேட்டாள், "மாமா ஆள் வந்தாச்சா?" "வந்துகிட்டிருக்கு" என்றேன். "மாமாவுக்கு எம்மேல கோவம்மா. வர மாட்டாரு." "பாடமெல்லாம் சொல்லிக் கொடுத்தவன், வராம இருப்பானா?" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

அவ்வளவுதான். மூன்றாம் வகையை எழுதி அனுப்பு.

எனெலெசி


சிம்வேரே
3 ஆகஸ்டு 1997

தம்பிக்கு,

நீ நலமென்றால் நாங்களும் நலம். ஏழு வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? புவானலி இரண்டு தடவை வந்தான், "ஒண்ணும் தரலம்மா" என்றான்.

தலை மழிக்கும் நாளை அக்டோபர் பதினொன்று, சனிக்கிழமை என்று பெரியவர்கள் வைத்திருக்கிறார்கள். பீருக்குச் சோளம் எடுத்து வைத்துவிட்டேன். உடையவனாக நீதான் எழுந்து அவள் போன கதையைச் சொல்ல வேண்டும். அன்றைக்குச் சொல்வதுதான் கடைசி. தலையில் கத்தி பட்ட பிறகு அந்தச் சாவைப் பற்றி இந்தக் குடும்பத்தில் யாரும் வாய் திறக்கக்கூடாது. சொல்லாமல் விட்டது சொல்லாததாகவே போய்விடும். உனக்குத் தெரியாததில்லை. புவானலியைப் பற்றியும் நீ ஒரு வார்த்தை சொல்லலாம்.

பத்தாம் வரி அப்படியே இருக்கிறது.

எனெலெசி


பள்ளி ஆசிரியர் குடியிருப்பு
17 ஆகஸ்டு 1997

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நீங்கள் நலமென்றால் நாங்களும் நலம். தேர்வுத் தாள்கள் திருத்தும் வேலை. எழுத நேரமில்லை. மன்னிக்கவும்.

மூன்றாம் வகையை உட்கார்ந்து விளக்க எனக்கு இப்போது முடியவில்லை. நான் வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தும் இலக்கணப் புத்தகத்தையே புவானலியிடம் கொடுத்தனுப்புகிறேன். பதினான்காம் பாடம். கடைசிப் பக்கங்களில் விடைகள் இருக்கின்றன. சின்ன வாத்தியாரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பவும்.

நல்ல செய்தி ஒன்று. எஸ்நாத் எட்டாம் வகுப்பில் தேறிவிட்டாள். எங்கள் பள்ளியிலேயே இடம் கிடைத்திருக்கிறது. ஜனவரியில் சேரலாம். எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளட்டும்.

வைசன்


பள்ளி ஆசிரியர் குடியிருப்பு
21 செப்டம்பர் 1997

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நலமா? எஸ்நாத் செய்திக்குக்கூடத் தங்களிடமிருந்து பதில் இல்லையே என்று ரூத்தி கேட்கிறாள். புத்தகம் கிடைத்ததா?

புத்தகத்துக்குள் என் தாள்கள் ஏதாவது இருந்தால் தயவுசெய்து படிக்க வேண்டாம். பள்ளி சம்பந்தப்பட்டவை. உடனே திருப்பி அனுப்பவும்.

வைசன்


சிம்வேரே
28 செப்டம்பர் 1997

தம்பிக்கு,

நீ நலமென்றால் நாங்களும் நலம். எஸ்நாத் தேறியதில் எனக்குச் சந்தோஷம்தான். ரூத்தியிடம் சொல்.

புத்தகம் கிடைத்தது. பள்ளித் தாள் எதுவும் அதில் இல்லை.

பதினான்காம் பாடத்தை நான் தேட வேண்டியிருக்கவில்லை. புத்தகம் தானே அந்த இடத்தில் திறந்தது. நடுவில் ஒரு தாள் மடித்து வைத்திருந்தது. அது என் தாள். செலிஃபாவின் வேறொரு நோட்டிலிருந்து நானே கிழித்தது. ஓரத்தில் மீன் எண்ணெய்க் கறை. என் கோழி கிண்டிய எழுத்து. 'தம்பி, செலிஃபாவுக்கு வலி வந்துவிட்டது. குழந்தை குறுக்கே நிற்கிறது. மருத்துவச்சி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறாள். வண்டி வாசலில் நிற்கிறது. உன் வார்த்தைக்குக் காத்திருக்கிறேன். எனெலெசி.'

உன் கைக்கு வருகிற எந்தத் தாளிலும் முதலில் தேதியும் நேரமும் போடுவாய். பரீட்சைத் தாளானாலும் கடைச் சீட்டானாலும் போடுவாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம். நாங்கள் சிரிப்போம். இதிலும் மேலே சிவப்பு மையில் போட்டிருக்கிறாய். 15-1-97, புதன், காலை 9.20.

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்திலும் சிவப்பு மை. 'கொண்டு போங்கள். வை.'

பக்கத்தை மூடிவிட்டு நான் போய்க் கிணற்றில் தண்ணி இறைத்தேன். எல்லாப் பானையும் நிறைந்த பிறகும் இறைத்தேன்.

புதன் காலை ஒன்பதரை. மலையிறக்கம். சைக்கிளில் மூன்று மணி நேரம். காளைகள் மத்தியானம் பூட்டித்தான் நின்றன. என் பிள்ளை வியாழன் வெயில் ஏறுகிற வரைக்கும் உயிரோடு இருந்தாள்.

எழுதியிருக்கிறாய். அதுதான் எனக்கு விளங்கவில்லை. எழுதாமல் இருந்திருந்தால் கோபம் என்று புரிந்துகொள்வேன். எழுதினாய், கையெழுத்தும் போட்டாய், புத்தகத்துக்குள் வைத்தாய். அவனைப் போகச் சொன்னாய். மணி அடித்ததா? வேறு வகுப்புக்குப் போனாயா? மறந்துபோனாயா, இல்லை, கொஞ்சம் கிடக்கட்டும் என்று நினைத்தாயா? நான் கேட்கிறேன், அவ்வளவுதான். சண்டைக்கு வரவில்லை.

பதினொன்றாம் தேதி நான் வீட்டுக்குள் உட்காரமாட்டேன். முன்னால் பாயில் உட்காருவேன். நீ பேசுவது முழுக்கக் காதில் விழ வேண்டும்.

தாள் என்னிடம் இருக்கிறது.

எனெலெசி


பள்ளி ஆசிரியர் குடியிருப்பு
4 அக்டோபர் 1997

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நீங்கள் நலமாக இருந்தால் நாங்களும் நலம். சனிக்கிழமை காலையே வந்துவிடுவேன். இரண்டு கோழியும் சர்க்கரையும் கொண்டுவருகிறேன். மழிக்கப் புதுப் பிளேடுகளும் வாங்கியாயிற்று.

எஸ்நாத்துக்குக் கட்டில் போட்டாயிற்று. செலிஃபா படுத்த அதே அறைதான். ஜன்னல் பக்கம். ரூத்தி புதுத் திரை தைத்திருக்கிறாள். அந்த இடத்துக்காக இருபது பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். தலைமையாசிரியர் என் முகத்துக்காகக் கொடுத்திருக்கிறார். பள்ளியில் என் பேர் இருக்கும்வரை எஸ்நாத்துக்குக் கவலையில்லை.

சபையில் குடும்பம் ஒரே வாயால் பேசுவது நல்லது. தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வைசன்


சிம்வேரே
4 ஜனவரி 1998

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை எஸ்நாத் கொண்டுவருகிறாள். நல்லபடி வந்து சேர்ந்திருப்பாள். புவானலியின் சைக்கிளில் பெட்டியைக் கட்டி, பக்கத்தில் நடந்து வரச் சொல்லியிருக்கிறேன். பெட்டி செலிஃபாவுடையதுதான். வேறு பெட்டி இல்லை.

மூன்று மாதமாக எழுதவில்லை. எழுதுவதற்கு இருந்த விஷயத்தைத்தான் அன்றைக்கு மூடிவிட்டோமே. இதுவும் மூடினதைத் திறப்பதற்கு அல்ல. ஒரு தடவை நடந்ததை வரிசையாக எழுதிவிட்டால் எனக்கு ஓயும் என்று பார்க்கிறேன்.

நீ வெள்ளைச் சட்டை போட்டு வந்தாய். எழுந்து நின்றாய். நல்ல குரல் உனக்கு, கடைசியில் இருந்தவர்களுக்கும் கேட்டது. "செய்தி எங்களுக்கு வியாழக்கிழமை சாயங்காலம்தான் கிடைச்சுது. ஆத்துல வெள்ளம். யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல" என்றாய். யாரையும் என்று சொல்லும்போது எல்லோரும் புவானலியைப் பார்த்தார்கள். அவன் பின்னால் மாமரத்தடியில் கூடையோடு நின்றான். தலையைக் குனிந்துகொண்டான். என்னையும் பார்த்தார்கள்.

பெரியவர் கேட்டார். "இந்தச் சாவப் பத்தி வேற வார்த்தை வெச்சிருக்கவங்க இப்பச் சொல்லிருங்க. கத்தி வெச்சதுக்கப்பறம் கெடையாது."

தாள் என் இடுப்புத் துணி முடிச்சில் இருந்தது. நீ என் பக்கம் திரும்பவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எஸ்நாத் என் முழங்காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலையை நனைத்தாயிற்று, காதுப்பக்கம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "அம்மா, குளுருது" என்றாள்.

"செலிஃபாவோட அம்மா, உங்கிட்ட ஏதாவது இருக்கா?" என்று பெரியவர் என்னைப் பார்த்தே கேட்டார்.

"இல்லங்க" என்றேன்.

அவ்வளவுதான். கத்தி வைத்தார்கள். எனக்கு முதலில், பிறகு அவளுக்கு. பிறகு பீர் குடித்தார்கள். குழாயடிப் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இப்போது பேசுகிறார்கள் என்னோடு. செய்த தப்பைத் தலைகுனிந்து ஒத்துக்கொண்டவள் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. புவானலி சுற்றுவழியாகப் போய் வேறு ஊரில் விற்கிறான். பெட்டிக்காக வரச் சொன்னபோது அவனிடம், "அன்னிக்கு நான் பேசல, புவானலி" என்றேன். "பாத்தேம்மா. சின்னப் பொண்ணு உக்காந்திருந்துச்சு" என்றான்.

சாமான் பங்கில் நோட்டை யாரும் எடுக்கவில்லை. எஸ்நாத் எடுத்துக்கொண்டாள். பத்தாம் வரியை முடித்துவிட்டேன். புத்தகத்தின் கடைசியில் இருக்கிற விடையைப் பார்த்து அப்படியே எழுதினேன். 'அவர்கள் முன்னமே கிளம்பியிருந்தால், பஸ்ஸைப் பிடித்திருப்பார்கள்.' புத்தகம் எழுதியவருக்குப் பஸ்தான் போயிருக்கிறது. சின்ன வாத்தியார் மூன்றாம் வகையை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். கஷ்டமாக இல்லை. ஒரு நாளில் புரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்ததுதான்.

எஸ்நாத்திடம் நோட்டைக் கேட்டு வாங்கி, மூன்று வரியையும் பார்த்துச் சரி போட்டுக் கொடு. சிவப்பிலேயே போடு.

புத்தகத்தையும் அனுப்பியிருக்கிறேன். பதினான்காம் பாடத்தில், இருந்த இடத்திலேயே அந்தத் தாளை வைத்துவிட்டேன். இனி எனக்கு அது எதற்கு? நீ கிழித்துப் போட்டாலும் சரி.

எஸ்நாத்துக்கு மழைக்காலத்தில் இருமல் வரும். உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொல். மீன் தலை தின்னமாட்டாள். ரூத்திக்கு வீட்டு வேலையில் கை கொடுப்பாள், சொன்னால் போதும். அவளுக்கும் உடையவன் நீதான்.

ஒன்றே ஒன்று. இது முதல் வகை, நீ சொல்லிக் கொடுத்ததுதான், இனிமேல் நடக்கக்கூடியது. என் பிள்ளை உன் வீட்டில் காய்ச்சலாகப் படுத்தால், எனக்கு ஆள் அனுப்பிக் கேட்காதே. என் பதிலுக்கு நிற்காதே. தூக்கிக்கொண்டு ஓடு.

எனெலெசி